மும்பை வீட்டில் கேம் கமெண்டரி: மைக் வாங்குவதிலிருந்து முதல் வீடியோ ஏற்றும்வரை

கேம் ஆடுவதைப் பதிவு செய்து, அதன் மேல் தமிழில் பேசி, யூடியூபில் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்றுதான். தாராவியிலோ செம்பூரிலோ ஆண்டாப் ஹில்லிலோ பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு கேட்கிறார்கள். கார்டு அப்புறம். உங்களிடம் இருக்கிற லேப்டாப்போ போனோ அந்தக் கேமைத் திணறாமல் ஓட்டுகிறது என்றால், பதிவுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். முதலில் சரி செய்ய வேண்டியது சத்தம்.

பார்க்கிறவர்களில் பலர் போனில்தான் பார்க்கிறார்கள், அதுவும் காதில் இயர்போன் மாட்டி, லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி. அந்தச் சின்னத் திரையில் 720, 1080 என்ற படத் தெளிவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. மைக்கில் 'உஸ்ஸ்' என்று இரைந்தாலோ, பாத்ரூமுக்குள் இருந்து பேசுவது போல எதிரொலித்தாலோ உடனே தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். தவிர, படம் எல்லாச் சேனலிலும் ஒன்றுதான். அதே கேம், அதே மேப், அதே துப்பாக்கி. வேறெங்கும் கிடைக்காதது உங்கள் பேச்சு மட்டுமே. இந்த 'லெட்ஸ் ப்ளே' வகையே 2000களின் நடுவில் சம்திங் ஆஃபுல் என்ற அமெரிக்க இணையதளத்தில், கேமின் திரைப்பிடிப்புகளை வரிசையாகப் போட்டுக் கீழே கிண்டலும் விளக்கமும் எழுதியதிலிருந்து வந்ததுதான். வீடியோ பிறகுதான் சேர்ந்தது.

அதனால் இங்கே வரிசை இப்படி: வீடு, மைக், பதிவு, பேச்சு, அப்புறம் மற்றவை.

வீட்டுச் சத்தத்தோடு ஒரு சமரசம்

மும்பை வீட்டில் முழு அமைதி கிடைக்காது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, கீழே காய்கறி வண்டி, தண்டவாளம் அருகில் என்றால் லோக்கலின் ஹார்ன். ஜூன் மாதம் தொடங்கினால் பத்ரா எனும் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். அந்த இரைச்சலை எந்த மென்பொருளும் குரலைக் கெடுக்காமல் எடுத்துவிடாது. கணபதி நாட்களில் டோல் சத்தத்தில் பதிவு செய்ய நினைக்கவே வேண்டாம். அந்தப் பத்து நாளுக்கான வீடியோக்களை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனில் உள்ள ரெக்கார்டரை வெவ்வேறு நேரங்களில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பேசாமல் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். காலை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவு பத்தரை. இயர்போனில் கேட்டால் எந்த நேரம் உங்களுக்கானது என்று தெரிந்துவிடும். ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை சட்டப்படி தடை இருக்கிறது, திருவிழாவின் சில நாட்களில் மட்டும் நள்ளிரவுவரை தளர்த்துவார்கள். லோக்கல் ஏறத்தாழ ஒரு மணிக்கு நின்று நாலு மணிக்கு மேல்தான் தொடங்கும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் கத்திக் கத்திக் கமெண்டரி சொன்னால் வீட்டிலேயே அடி விழும். பல வீடுகளுக்கு மதியம் இரண்டு முதல் நாலு வரைதான் ஒத்துவருகிறது.

அடுத்தது எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், இரும்பு பீரோ மூன்றும் சேர்ந்தால் குரல் கணகணவென்று திரும்பி வரும். அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் 'ட்ரிங்' என்று வால் நீண்டால் துணி வேண்டும். எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். முன்பக்கத்துச் சத்தத்தை மட்டும் அதிகமாக எடுக்கிற வகை மைக் உங்களைப் பார்த்துத்தானே இருக்கிறது? அது உங்கள் குரலோடு சேர்த்து உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் கேட்கிறது. ஆகவே ரஜாயோ கனமான போர்வையோ உங்கள் முதுகுப் பக்கம் தொங்க வேண்டும். துணி நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள். காசு செலவில்லை.

மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது. குறைந்த வேகத்தில் வைத்து, காற்று நேராக மைக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக வரும் ஃபேன் இரைச்சலை மென்பொருள் நன்றாகவே நீக்கும். நாய் குரைப்பதையும் பாத்திரம் விழுவதையும் நம்பி விட முடியாது.

மைக்

ஆரம்பத்துக்குச் சட்டையில் குத்துகிற காலர் மைக் போதும். போயா பிஒய்-எம்1 என்ற மாடல் பல புதியவர்களின் கையில் இருப்பது சும்மா இல்லை. ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும், ஆறு மீட்டர் ஒயர், வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அறைச் சத்தம் குறையும். அதில் ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி இருக்கிறது. பக்கவாட்டு சுவிட்சை ஸ்மார்ட்போன் பக்கம் வைத்தால் போனுக்கு, கேமரா பக்கம் வைத்தால் கேமராவுக்கு. இதைத் தவறான பக்கம் வைத்துவிட்டு "மைக் செத்துப்போச்சு" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

வாங்கப் போவது லேமிங்டன் ரோடு என்றால் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைக்காரர் முதலில் கேட்பது "மொபைல் கே லியே யா பிசி கே லியே?" (போனுக்கா, கணினிக்கா?) என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல பிளக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் கருப்புக் கோடுகளை எண்ணுங்கள். மூன்று கோடு இருந்தால் போனுக்கும், ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்புக்கும். இரண்டு கோடு என்றால் தனி மைக் ஓட்டை உள்ள கணினிக்கு. உங்கள் கணினியில் பச்சை ஓட்டையும் இளஞ்சிவப்பு ஓட்டையும் தனித்தனியாக இருந்து, மைக் மூன்று கோடு வகை என்றால் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்க வேண்டும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். போனில் ஓட்டையே இல்லை என்றால் டைப்-சி கனெக்டர். பில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாரும் தாவுவது யூஎஸ்பி கண்டென்சர் மைக்குக்கு. ஸ்டுடியோவில் அருமையானது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை அறைகளான சால் வீட்டில், அது பக்கத்து வீட்டுப் பாட்டி இருமுவதைக்கூடப் பத்திரமாகப் பதிவு செய்யும். இங்கே டைனமிக் வகை நல்லது. வாய்க்கு மிக அருகில் வைத்தால்தான் எடுக்கும், அதுவே நமக்கு வசதி. எந்த மைக்கானாலும் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். விலை கூடிய மைக்கைவிட ஒரு சாண் கிட்டே வருவது அதிகம் உதவும். நேர் முன்னால் வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி டொப் டொப் என்று கேட்கும். அதனால் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில், உங்களை நோக்கித் திருப்பி வையுங்கள்.

ஸ்பீக்கரில் கேம் சத்தம் வைத்து ஆடக்கூடாது, ஹெட்போன்தான். இல்லாவிட்டால் துப்பாக்கிச் சத்தம் நேராக ஒரு முறையும் மைக் வழியாக ஒரு முறையும் பதிவாகும்.

கணினியில் பதிவு

இலவசமானது ஓபிஎஸ் ஸ்டுடியோ. 2012இல் முதல் பதிப்பு வந்த திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அவசரத்துக்கு விண்டோஸில் ஏற்கனவே உள்ள கேம் பார் இருக்கிறது: விண்டோஸ் விசை, ஆல்ட், ஆர் மூன்றையும் அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும். ஆனால் அது உங்கள் குரலையும் கேம் சத்தத்தையும் பின்னால் தனித்தனியாகத் திருத்தும்படி பிரித்துத் தராது. அதற்காகத்தான் ஓபிஎஸ். ஒரு முறை உட்கார்ந்து அமைத்தால் போதும்.

1. முதல் முறை திறக்கும்போது வரும் தானியங்கி அமைப்பில், லைவ் வேண்டாம், பதிவுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. வீடியோ அமைப்பில் வெளியீடு 1920 பெருக்கல் 1080. சண்டை, ரேஸ் போன்றவற்றுக்கு நொடிக்கு 60 ஃபிரேம், கதை சார்ந்த கேமுக்கு 30 போதும். பழைய லேப்டாப் திணறினால் 1280 பெருக்கல் 720, 30 ஃபிரேம். வெட்கப்பட வேண்டாம்.

3. அவுட்புட்டை அட்வான்ஸ்டு முறைக்கு மாற்றி, ரெக்கார்டிங் பகுதிக்குப் போங்கள். படத்தைச் சுருக்கிக் கோப்பாக்குகிற என்கோடரில், என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இன்டெல் சிப் என்றால் குயிக்சிங்க். எக்ஸ்264 எடுத்தால் பிராசஸரே முழு வேலையும் செய்ய வேண்டும், கேம் தடுமாறும்.

4. கோப்பு வடிவம் எம்கேவி. எம்பி4 வைத்திருந்து, நடுவில் கரண்ட் போனாலோ கணினி தொங்கினாலோ முழுப் பதிவும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது மிஞ்சும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் வழியாகச் சில நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்றும் இருக்கிறது, அதுவும் இதே பாதுகாப்பைத் தரும்.

5. ஆடியோ டிராக்குகளில் 1, 2, 3ஐ டிக் செய்யுங்கள். பிறகு மிக்சரின் அட்வான்ஸ்டு ஆடியோ பகுதியில் மைக்கை 1, 2க்கும், கேம் சத்தத்தை 1, 3க்கும் விடுங்கள். ஒன்றாவது டிராக்கில் கலந்தது, இரண்டில் உங்கள் குரல் மட்டும், மூன்றில் கேம் மட்டும்.

6. சோர்சில் முதலில் கேம் கேப்சர். அதில் கருப்பாக வந்தால் விண்டோ கேப்சர், கடைசியாக டிஸ்ப்ளே கேப்சர். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் கருப்புத் திரை வருவது பெரும்பாலும் கேம் ஒரு சிப்பிலும் ஓபிஎஸ் இன்னொன்றிலும் ஓடுவதால். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, கேம் ஓடும் அதே சிப்பைக் கொடுங்கள்.

7. மைக்கின் மேல் வலது சொடுக்கி ஃபில்டர்ஸ். இரைச்சலை நீக்கும் நாய்ஸ் சப்ரெஷனில் ஆர்என்நாய்ஸ், அதன் கீழே ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரெசர், கடைசியில் சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நாய்ஸ் கேட் என்பதைத் தொடாமல் விடுவது நல்லது, மெல்லப் பேசும்போது வார்த்தையின் தலையையும் வாலையும் வெட்டிவிடும்.

இனி மிக்சரில் உள்ள கோட்டைப் பாருங்கள். அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சாதாரணமாகப் பேசும்போது உச்சம் மஞ்சளில் ஆட வேண்டும். எதிரி பின்னாலிருந்து அடித்து நீங்கள் அலறும்போது சிவப்பின் ஓரத்தைத் தொட்டாலும் முடிவை முட்டக்கூடாது. முட்டினால் குரல் கிழியும், கிழிந்த குரலைப் பிறகு தைக்க வழியில்லை. கேம் சத்தத்தை உங்கள் குரலைவிட 10 முதல் 15 டெசிபல் கீழே வையுங்கள். ஆடும்போது மிகவும் குறைவாகத் தோன்றும். கேட்கிறவருக்கு அதுதான் சரி.

இடம் எவ்வளவு வேண்டும்? நொடிக்கு 12 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 90 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 5.4 ஜிபி. 40 மெகாபிட் என்றால் மணிக்கு 18 ஜிபி. டிரைவில் இடம் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஒவ்வொரு முறையும் உண்மையான பதிவுக்கு முன் இரண்டு நிமிடம் சோதனை. பேசி, கேமில் ஒரு வெடி வெடித்து, அலறி, அந்தக் கோப்பைப் போனுக்கு அனுப்பி இயர்போனில் கேளுங்கள்.

போனில் பதிவு

ஆண்ட்ராய்டு 10க்கு முன்பு கேமின் உள் சத்தத்தைப் பதிவு செய்ய நேரான வழியே இல்லை. 2019இல் அந்தப் பதிப்போடு அந்த வசதி வந்தது, 11இல் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனோடு சேர்ந்தே வந்தது. மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்களில் இருக்கும். தொடங்கும் முன் 'மீடியா சத்தமும் மைக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் கண்ட்ரோல் சென்டரில் உள்ள ரெக்கார்டு பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால்தான் மைக்கை ஆன் செய்கிற இடம் தெரியும். இது தெரியாமல் மௌனப்படம் எடுத்தவர்கள் நிறைய.

பெரிய தொந்தரவு வாய்ஸ் சாட். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரி கேம்களில் குழுவோடு பேசும்போது மைக்கைக் கேம் பிடித்துக்கொள்ளும், ரெக்கார்டருக்கு வெறும் அமைதி போகும். பல போன்களில் அந்தப் போனுக்குள்ளேயே இதற்குத் தீர்வு கிடையாது. அதற்கு இன்னொரு போன்தான் வழி. வீட்டில் அம்மாவின் போனை வாங்கி, ஏர்பிளேன் முறையில் போட்டு, காலர் மைக்கை அதில் செருகி, குரலை மட்டும் தனியே பதிவு செய்யுங்கள். இரண்டையும் பிறகு ஒட்ட ஓர் அடையாளம் வேண்டும். கேமின் மெனுவில் 'க்ளிக்' என்று சத்தம் வரும் ஏதாவது பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள், ஒவ்வொரு அழுத்தலோடும் வாயால் "டக்" என்று சொல்லுங்கள். எடிட்டரில் அந்த மூன்று முனைகளையும் நேருக்கு நேர் வைத்தால் பொருந்திவிடும்.

பொருந்தியும் பத்து நிமிடம் கழித்து உதடும் சத்தமும் ஒட்டாத படம் போல் குரல் பிந்துகிறதா? போன் பதிவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அதனால் வருவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஃபிரேம் வேகத்தை கான்ஸ்டண்ட் என்று மாற்றி எடுத்தபின் எடிட் செய்யுங்கள்.

டூ நாட் டிஸ்டர்பை மறக்காதீர்கள். பேங்க் ஓடிபி, யூபிஐயில் வந்த தொகை, மாமா அனுப்பிய கல்யாணப் பத்திரிகை எல்லாம் கேமின் நடுவே திரையில் வந்து நிற்கும். பதிவானதை ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கன்சோலில் இவ்வளவு பாடில்லை. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் கண்ட்ரோலரில் உள்ள பொத்தானே பதிவு செய்யும், அமைப்பில் மைக் சத்தத்தையும் சேர்க்கச் சொல்லலாம், யூஎஸ்பியில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குரல் தனி டிராக்காக வராது. அது வேண்டுமென்றால், கன்சோலின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு. அப்போது கன்சோலின் அமைப்பில் எச்டிசிபி என்ற நகல் தடுப்பை அணைக்காவிட்டால் கருப்புத் திரைதான். '4கே' என்று பெட்டியில் போட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கும் கார்டுகள் 4கே உள்ளே வாங்கி 1080தான் வெளியே தருகின்றன. தெரிந்து வாங்கினால் தவறில்லை.

பேசுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆனால் புதியவர்கள் ஒதுக்குவதே இல்லை. திரையில் நடப்பதைத் திரும்பச் சொல்வது கமெண்டரி ஆகாது.

"இப்ப கதவைத் திறக்கிறேன். உள்ள போறேன். ஒருத்தன் இருக்கான். சுடறேன்." இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

"இந்தக் கதவுக்குப் பின்னாடி மூணு பேராவது இருப்பாங்க. எங்கிட்ட எட்டு குண்டுதான். அதனால ஜன்னல் வழியா போறேன், மாட்டினா நீங்களே திட்டுங்க." இங்கே பார்க்கிறவருக்கு ஒரு பந்தயம் கிடைக்கிறது. ஜன்னல் வழி சரியா என்று தெரியும்வரை நகரமாட்டார்.

செய்வதற்கு ஒரு நொடி முன்னால் பேசுங்கள், ஏன் என்று பேசுங்கள். பாதி வேலை முடிந்தது.

பழக ஒரு வழி: உங்கள் சொந்தப் பதிவு ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பத்து நிமிடம் நிற்காமல் பேசிப் பாருங்கள். எங்கே திக்குகிறது, எங்கே "அப்புறம்... அப்புறம்..." என்று இழுக்கிறது என்று தெரியும். கை ஆடிக்கொண்டே வாய் பேசுவது தனிப் பழக்கம், அது மெல்லத்தான் வரும். வரவில்லை என்றால் ஆடிமுடித்த பிறகு குரலைச் சேர்க்கலாம். வழிகாட்டி வகை வீடியோவுக்கு அதுவே பொருத்தம். பயமுறுத்தும் கேமுக்கு மட்டும் அது சரிப்படாது. பயம் அந்த நேரத்தில் வர வேண்டும், நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதைக் காட்சி ஓடும்போது வாயை மூடுங்கள். ஆங்கில வசனத்தை வரிக்கு வரி தமிழாக்கிக்கொண்டிருந்தால் கதையும் போகும், உங்கள் மூச்சும் போகும். காட்சி முடிந்ததும் "அப்பனுக்கும் மகனுக்கும் பத்து வருஷமாப் பேச்சு இல்லை, இப்ப அவன் வீட்டுக்கே போகணும்" என்று ஒரே வரியில் சொன்னால் ஆங்கிலம் தெரியாதவரும் உங்களோடு வருவார். தமிழ்க் கமெண்டரிக்கு ஆள் வருவதில் இது ஒரு பெரிய காரணம்.

எந்தத் தமிழ்? உங்கள் வீட்டில் பேசுகிறது. தாராவியில் திருநெல்வேலித் தமிழும் பம்பாய் இந்தியும் கலந்து பேசுகிறவர், மைக்கைக் கண்டதும் சென்னைக்காரர் மாதிரி "மச்சி" என்று தொடங்குவது ஒட்டவில்லை. "ஏலே, இவன் எங்கருந்து வந்தான்" என்பது உங்களுக்கு இயல்பாக வருகிறது என்றால் அதுவே உங்கள் முத்திரை. நடுவில் ஒரு "அரே யார்" விழுந்தாலும் பாதகமில்லை, மாட்டுங்காவிலிருந்து மதுரை வரை புரியும். கெட்ட வார்த்தை மட்டும் யோசித்து. விளம்பர வருமானம் குறையும் என்பது ஒரு பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இருக்கிறார் என்பது இன்னொரு பக்கம்.

தனியாகப் பேச வரவில்லை என்றால் ஜோடியாக உட்காருங்கள். அண்ணன் ஆட, கேமே தெரியாத தங்கை பக்கத்தில் "அது ஏன் அங்க நிக்குது?" என்று கேட்டால் கமெண்டரி தானாக வரும்.

எந்தக் கேமில் தொடங்குவது

முடிக்கக்கூடியதில். நூறு மணி நேரக் கேமை எடுத்து நாலாவது பகுதியில் நிறுத்திய சேனல்கள் யூடியூப் முழுக்கக் கிடக்கின்றன. 2023இல் வந்த 'வெண்பா' போன்றது நல்ல தொடக்கம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, இட்லியும் பிரியாணியும் சமைத்துக்கொண்டே போகும், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச உங்களுக்கு விஷயமும் இருக்கும்.

ஒரே ஆன்லைன் கேமை நம்பிச் சேனலுக்குப் பெயர் வைக்காதீர்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போனது.

யாருடைய உரிமை

கேம் இன்னொருவருடைய சொத்து. பெரும்பாலான நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை, சில வரவேற்கவும் செய்கின்றன, ஆனால் நிபந்தனை இருக்கும். நின்டெண்டோ 2018 நவம்பரில் வெளியிட்ட விதிகள் உங்கள் சொந்தப் படைப்பும் கமெண்டரியும் சேர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. மைன்கிராஃப்டும் அப்படித்தான். சும்மா ஆடிப் போட்ட வீடியோவைவிடப் பேசிய வீடியோவுக்கு இங்கேயும் மதிப்பு.

கதைதான் முழுச் சரக்கு என்கிற கேம்களில் கவனம். 2017இல் பெர்சோனா 5 வெளிவந்தபோது, கேமுக்குள் ஜூலை 7ஆம் தேதிக்கு மேல் காட்டக்கூடாது என்று அட்லஸ் நிறுவனம் சொன்னது. எதிர்ப்பு வந்தபின் அதை நவம்பர் 19 ஆக்கியது. ஜப்பானில் 2023இல், நாவல் வகைக் கேமை முடிவு உட்பட ஏற்றிப் பணம் பார்த்த ஒருவருக்கு செண்டாய் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டு சிறைத்தண்டனையும் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. கேம் நிறுவனத்தின் தளத்தில் வீடியோ விதிகளை ஐந்து நிமிடம் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அன்றாடம் வருகிற தலைவலி பாட்டு. ஜிடிஏ காரில் ஓடும் ரேடியோவில் இருப்பது உண்மையான பாடல்கள், அதை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். சைபர்பங்க் 2077 மாதிரி சில கேம்களில் உரிமையுள்ள இசையை நீக்க ஒரு தேர்வே இருக்கும். பக்கத்துச் சாலில் பூஜைக்குப் போட்ட சினிமாப் பாட்டு உங்கள் மைக்கில் ஏறினாலும் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும். அதனால் வரும் கிளெய்முக்கு, அதாவது உரிமைக் கோரலுக்கு, பயப்பட வேண்டாம், பொதுவாக அந்த வீடியோவின் வருமானம் போகும், அவ்வளவுதான். உரிமையாளர் புகார் செய்து வீடியோவையே நீக்கவைக்கும் ஸ்ட்ரைக் வேறு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம்.

வெட்டி ஒட்டி ஏற்றுவது

எடிட்டிங்குக்கு ஷாட்கட், கேடென்லைவ் இலவசம். கணினி வலுவாக இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. முதல் வீடியோவுக்கு மூன்று வேலை மட்டும்: செத்த நேரத்தை வெட்டுவது, குரல் டிராக்கைச் சமப்படுத்துவது, தொடக்கத்தை இறுக்குவது. "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம என்ன பாக்கப்போறோம்னா" என்று ஒரு நிமிடம் ஓட்டாமல், வீடியோவின் ருசியான இருபது நொடியை முன்னால் வையுங்கள். வெளியிடும்போது மொத்தச் சத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு, எடிட்டர் காட்டும்) அருகில் இருக்கட்டும். அதைவிடக் கூடினால் யூடியூப் தானே குறைத்துவிடும், குறைவாக இருந்தால் ஏற்றித் தராது.

சேனலைப் போன் எண் கொடுத்து உறுதி செய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது, சொந்தத் தம்ப்நெயிலும் (வீடியோவின் முகப்புப் படம்) வைக்க முடியாது. முதல் நாளே முடித்துவிடுங்கள். தம்ப்நெயில் 1280 பெருக்கல் 720, அதில் தமிழ் எழுத்து மூன்று நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம், போனில் படிக்க வராது. நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பிளானில் 3 ஜிபி கோப்பை ஏற்ற முயல வேண்டாம். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வைஃபை யாரிடமாவது இருந்தால் இருபது நிமிட வேலை. குழந்தைகளுக்கானதா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். கார்ட்டூன் போலத் தெரியும் கேம் என்பதற்காக 'ஆம்' போட்டால் கமெண்டே வராது.

காசு: விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வை. அங்கே வந்துவிட்டால், கூகுள் விளம்பரப் பணம் தரும் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு பின் எண் சாதாரணத் தபாலில் வரும். வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். சாலில் கதவு எண் மட்டும் கொடுத்தால் தபால்காரர் கீழே மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆதாரில் உள்ளபடி சால் பெயர், அறை எண், பக்கத்துக் கோயிலோ பள்ளியோ, பின்கோடு எல்லாம் எழுதுங்கள். கீழ்க் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கூகுள் பெயர் போட்ட கவர் வந்தால் எடுத்து வைக்கச் சொல்லி.